சக்கரத்தின் குடம்

வண்டிச் சக்கரத்தைச் செய்யுந் தச்சர்கள் அதன் ஒவ்வோர் உறுப்பிற்கும் தனித்தனியே பெயரிட்டு வழங்குகின்றனர். நடுவே அச்சு நுழைதற்கு இடமாய்த் திரண்டிருக்கும் மரம் குடம். குடத்தினின்று புறப்பட்டு நாற்புறமும் விரியுங் கால்கள் ஆர். ஆர்களின் முனைகளைத் தாங்கி வட்டமாய் வளைந்து நிற்கும் மரத்துண்டுகள் வட்டை. வட்டையின்மேல் இறுக்கப்படுவது இரும்புப் பட்டை. சக்கரம் அச்சினின்று கழலாமற் காப்பது கடையாணி. இங்ஙனம் பெயர்கள் பலவாயிருத்தற்குக் காரணம் உண்டு. ஆர் ஒன்று முறிந்தால் தச்சர் அவ்வாரை மட்டுமே மாற்றுவர். வட்டை ஒன்று வெடித்தால் அவ்வட்டையை மட்டுமே மாற்றுவர். குடம் பிளந்தாலொழியச் சக்கரம் முழுவதும் கழிக்கப்படுவதில்லை. உறுப்பிற்குப் பெயர் இருந்தால் பழுது எங்குள்ளதென்று சுட்டிச் சொல்லலாம். சுட்டிச் சொல்ல இயலுமாயின் அதனைத் தீர்க்கும் வழியும் ஒருவாறு புலப்படும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஓடும் ஆண்டாள் திருத்தேரைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். தமிழ்நாட்டுப் பெருந்தேர்களுள் ஒன்றாகிய அது முற்காலத்தில் மரச் சக்கரங்களின்மீது ஓடியது. இக்காலத்தில் இரும்புச் சக்கரங்களின்மீது ஓடுகின்றது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் நம் நாட்டுக் கோயில்கள் பலவற்றின் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சுஞ் செய்து கொடுத்துள்ளனர். சக்கரம் மாறியதேயன்றித் தேர் மாறிற்றில்லை.

குடம், ஆர், வட்டை என்னும் இச்சொற்களை யாம் நூல்களிற் கற்கவில்லை. எம் தந்தையார் இராஜபாளையத்தில் வண்டிச் சக்கரஞ் செய்து குடும்பத்தைக் காத்தவர். அவர் பட்டறையில் விளையாடிய நாளிலேயே இவை எம் செவியிற் புகுந்தன. அவ்வறிவு மின்சார சைக்கிள் ஒன்றிற்குப் பயன்படுமென்று யாம் அந்நாளில் கனவினுங் கருதியதில்லை. அது பயன்பட்ட வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

எம் தமக்கையார் ஸ்ரீவில்லிபுத்தூரில் தம் மகன் இல்லத்தில் வாழ்கின்றார். அகவை எண்பதைக் கடந்தவர். தந்தையார் காலமானபின், கட்டுத்துணி நெய்தலிற் பேர்பெற்ற சத்திரப்பட்டித் தறிகளில் உழைத்து, அக்கூலியினின்று எம் கல்லூரிச் சம்பளத்தையும் விடுதிச் செலவையுங் கட்டியவர் அவரே. தாம் ஐந்தாம் வகுப்பிற்குமேற் படிக்கவில்லையாயினும், படிப்பதில் அவருக்குள்ள ஆர்வம் பெரிது. நான்கு ஆண்டுகளாக அவருக்குக் கண்ணொளி மங்கிவிட்டது. ஆகவே வாரத்தில் மும்முறை யாம் சென்று, செய்தித்தாளும் தொடர்ச்சியாய் ஏதேனும் ஒரு நூலும் படித்துக் காட்டி வருகின்றோம். அவர் கைம்மாறு கருதியவரல்லர். யாமும் அதனைக் கைம்மாறென்று கருதுவதில்லை. எனினும் அந்நாட்கள் மூன்றும் எமக்குத் தவறவொண்ணாதவை.

இரண்டு ஊர்க்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்விரண்டு ஊர்களையும் இணைக்கின்றது. பேருந்துகளுக்குக் குறைவில்லை. ஆயினும் எம் இடது முழங்கால் தேய்ந்து போயிற்று. பேருந்தின் உயர்ந்த படிகளில் ஏறி இறங்குதல் பெருந்துன்பம். சைக்கிள் மிதித்தலோ அத்துணைத் துன்பந் தருவதில்லை. ஆனால் ஆடிமாதக் காற்று எதிர்த்து வீசும்போது வெறுங்காலால் அத்தொலைவை மிதித்துச் செல்லுதல் இவ்வயதில் இயலாது. மிதிக்குங் காலுக்கு மின்சாரம் துணை செய்யும் சைக்கிள் ஒன்றை யாம் வாங்கியது இதன் பொருட்டேயாம். மேற்கே மலைத்தொடர் உடன்வர, காலை இளவெயிலில் அதன்மீது செல்லுதல் எமக்கு ஓர் இன்பமாகவும் இருந்தது.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு மீளும்பொழுது, மடவார்வளாகத்தை யணுகிய இடத்தில், பின்சக்கரத்தின் உள்ளே கல்லை அரைப்பது போன்ற ஓசை எழுந்தது. சிறிது தொலைவு சென்றபின் அவ்வோசை மாறி, மோட்டார் விர்ரென்று சுழலும் ஒலி மட்டும் கேட்டது, வண்டியோ உந்தப்படவில்லை. மிதித்தால் எளிதாக ஓடியது. மின்சாரத் துணை மட்டும் அற்றுப்போயிற்று.

விற்பனை செய்தவர்களுக்குத் தொலைபேசியில் அறிவித்தோம். அவர்கள் மரியாதையாகவே விடை கூறினர். மோட்டார் சக்கரத்தின் குடத்தினுள் இருப்பதாகவும், அதனைத் திறத்தல் வழக்கமில்லையென்றும், சக்கரம் முழுவதையும் மாற்றுவதே முறையென்றும் சொன்னார்கள். அதன் விலை வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஓய்வூதியத்தில் வாழ்பவர்க்கு அஃது எளிதன்று. அன்றிரவு தமக்கையாருக்கு நடந்ததைத் தெரிவித்து, சில நாட்கள் வர இயலாதென்றோம். அவர் எம் வருத்தத்தைப் பற்றி ஒன்றுங் கேளாமல், "குடத்திலே எது போயிற்று, தம்பி?" என்று வினவினார்.

தச்சர் மகளார் வினா அது. விற்றவர்கள் அவ்வினாவிற்கு விடை சொல்லவில்லை. சக்கரம் போயிற்று என்பதே அவர்கள் விடை. குடத்தினுள் உள்ள உறுப்புக்கள் யாவை, அவற்றுள் எது பழுதுற்றது என்று அறிந்த பின்னரே மாற்றுவதா, செப்பனிடுவதா என்று துணிதல் வேண்டுமென அப்பொழுதே உறுதி செய்துகொண்டோம்.

குடத்தினுள் மோட்டாரை வைக்குங் கருத்துப் புதியதன்று. அமெரிக்க நாட்டு ஆக்டன் போல்ட்டன் என்பவர் 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் பெற்ற உரிமைப் பட்டயத்தில், சைக்கிளின் பின்சக்கர நடுவிலேயே மோட்டார் அமைக்கப்பட்டிருக்கின்றது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஃபெர்டினண்ட் போர்ஷ் வகுத்த மின்சார மோட்டார் வண்டி ஒன்று வைக்கப்பட்டது. அதன் முன்சக்கரக் குடங்களிலும் மோட்டார்களே இருந்தன.

இக்காலத்துக் குட மோட்டார்கள் இரு வகைப்படும். ஒன்றில் பல்சக்கரம் இல்லை. செம்புக் கம்பி சுற்றிய பகுதி அச்சோடு அசையாது நிற்க, காந்தங்கள் பதித்த புற ஓடு சக்கரத்தோடு சுழலும். மோட்டாரே குடமாயும் குடமே மோட்டாராயும் இருக்கும். மற்றொன்றில் மோட்டார் சிறிது. அது சக்கரத்தைப் போல் நான்கைந்து மடங்கு விரைவாகச் சுழலும். அவ்விரைவைக் குறைத்து விசையை மிகுப்பதற்குப் பல்சக்கரங்கள் இடையே அமைந்துள்ளன. நடுவே சிறிய சூரியச் சக்கரம். அதனைச் சூழ மூன்று கோட்சக்கரங்கள். அவற்றின் புறத்தே, குட ஓட்டோடு பொருந்திய உட்பல் வளையம். ஜேம்ஸ் வாட் 1781-ஆம் ஆண்டில் தம் நீராவிப் பொறிக்கு உரிமைப் பட்டயம் பெற்ற அமைப்பினுக்கே சூரியனுங் கோளும் என்ற பெயர் வழங்கியது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தார் 1902-இல் வெளியிட்ட மூவேகக் குடத்திலும் இத்தகைய பல்சக்கரங்களே இருந்தன. எம் வண்டி இவ்வகையினது என்பதை அதன் குடம் சிறுத்திருந்தமையாலும், மோட்டார் நின்றபின்னும் மிதித்தற்கு எளிதாயிருந்தமையாலும் உணர்ந்தோம். பல்சக்கர வகையில் ஒருபக்கமே பற்றும் பிடி ஒன்று உள்ளே இருத்தலின், மோட்டார் ஓடாதபோது அதனையும் இழுத்துக்கொண்டு மிதிக்க வேண்டுவதில்லை.

இராஜபாளையம் நூலாலைகளின் ஊர். 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் நிறுவிய இராஜபாளையம் மில்ஸ் தொடங்கி இங்கு ஆலைகள் பெருகின. ஆலைகள் உள்ள ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுவோரும், லேத்துப் பட்டறை வைத்திருப்போரும் இருப்பர் அன்றோ? அத்தகையார் ஒருவரிடம் சக்கரத்தைக் கொண்டு சென்றோம். ஆலையொன்றில் நெடுங்காலம் வேலை செய்தபின் தாமே பட்டறை வைத்தவர் அவர். இத்தகைய குடத்தை அதுவரை திறந்ததில்லை என்பதை மறையாமற் சொன்னார். "திறக்கிறதுக்கு முன்னாடி வெளியே இருந்தே கேட்டுப் பார்ப்போம், சார்" என்றார்.

அவர் கேட்ட கேள்விகளை மாணவர்க்குப் பயன்படும் என்பதனால் முறையே எழுதுகின்றோம். முதலாவது, பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைப் பின்னோக்கிக் கையாற் சுழற்றினார். பல்சக்கரங்கள் நலமாயிருப்பின், பின்னோக்கிச் சுழற்றுங்கால் மோட்டாரும் உடன் சுழலவேண்டுதலின் கைக்குத் தடை தோன்றும். எம் சக்கரமோ தடையின்றிக் கடகடவென்று உருண்டது. இரண்டாவது, மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பிகள் மூன்றனுள் இவ்விரண்டாக எடுத்து மீட்டரால் அளந்தார். மூன்று அளவும் ஒத்திருந்தன. அவற்றுள் எதுவும் குடத்தின் உலோகத்தைத் தொடவுமில்லை. எனவே காயில் எரியவில்லை. மூன்றாவது, மெல்லிய கம்பிகள் ஐந்தனையும் சோதித்தார். இவை, எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த காந்த விளைவைக் கொண்டு, காந்தம் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதைக் கன்ட்ரோலருக்கு அறிவிக்கும் மூன்று உணர்கருவிகளின் கம்பிகள். இரண்டு கம்பிகள் அவற்றிற்கு 5 வோல்ட் மின்சாரம் தருவன. எஞ்சிய மூன்றும் செய்தி சொல்வன. பேட்டரியை மீளவும் இணைத்து மோட்டாரைச் சிறிதே ஓடவிட, மீட்டரின் முள் மூன்று கம்பிகளிலும் துடித்தது. ஆகவே கண்ணுங் கருத்தும் நலம். பல்லே பழுது என்று முடிவாயிற்று.

பின்னரே குடம் திறக்கப்பட்டது. பேட்டரியை மறுபடியும் அகற்றிப் பக்க மூடியின் திருகுகளைக் கழற்றினர். காந்தங்கள் வலியன ஆதலின், பகுதிகளைப் பிரிக்குங்கால் விரல் நசுங்காமலும் இரும்புத்தூள் ஒட்டாமலும் காத்தனர். உள்ளே பார்த்தபோது கிரீசோடு கலந்த வெண்டுகள் நனைந்த நொய்யரிசி போலக் கிடந்தது. கோட்சக்கரங்கள் மூன்றும் நைலானாலானவை. ஒன்றில் ஒருபுறத்துப் பற்கள் முற்றும் மழுங்கிப் போயின. மற்ற இரண்டிலும் பற்கள் சிதைந்திருந்தன. எஃகாலாகிய சூரியச் சக்கரமும், உட்பல் வளையமும், ஒருபக்கப் பிடியும், பேரிங்குகளும் ஊறின்றி இருந்தன. ஓராயிரம் உறுப்பு உடைந்தாற்போல் ஓசையிட்ட குடத்துள், உள்ளங்கையில் அடங்கும் மூன்று சிறு சக்கரங்களே போயிருந்தன.

பட்டறையில் வேலை பயிலும் இளைஞர் ஒருவர், அவற்றை எஃகிலேயே வெட்டிவிட்டால் என்றும் தேயாவே என்றார். மூத்தவர் அதற்கு இசையவில்லை. ஆலைப் பொறிகளிலும் சில இடங்களில் நைலான் பல்சக்கரம் வைப்பதுண்டென்றும், அஃது ஓசையைக் குறைப்பதோடு, அளவிறந்த விசை தாக்கும்போது தான் முதலில் உடைந்து பிறவற்றைக் காக்குமென்றும் விளக்கினார். எஃகுச் சக்கரங்கள் மூன்றை இட்டால் இரைச்சல் மிகும். அடுத்தமுறை பல் முறியவேண்டி நேரின் அது வளையத்தின் பல்லாயிருக்கும். அவ்வளையம் போனால் குடமே போகும். மலிவானது உடைந்து விலையுயர்ந்ததைக் காப்பது அறிந்து வகுத்த ஏற்பாடு என்பதை யாம் அன்று தெளிந்தோம்.

மாற்றுச் சக்கரங்களைத் தருவிப்பதற்குப் பல்லின் எண்ணிக்கை, புற விட்டம், கனம், நடுத்துளையின் அளவு, பேரிங்கின் எண் ஆகியவற்றை வெர்னியர் அளவியால் அளந்து எழுதினோம். பற்கள் ஒத்திருந்தும் கனம் வேறாயின் பொருந்தாது. மூன்றையும் ஒருங்கே மாற்றாமல் பழுது மிக்க ஒன்றை மட்டும் மாற்றினால் சுமை சமமாய்ப் பகிர்ந்து தாங்கப்படாது. அவை அஞ்சலில் வந்து சேரப் பதினாறு நாட்களாயின. விலையோ புதிய சக்கரத்தின் விலையிற் பத்தில் ஒரு பங்கிற்குங் குறைவு.

அப்பதினாறு நாட்களும் எமக்கு நீண்டன. வாரத்திற்கொருமுறை ஆட்டோவிற் சென்று வந்தோம். அதற்குமேற் செலவு செய்ய இயலவில்லை. படித்துக்கொண்டிருந்த நூல் பாதியில் நின்றது. யாம் வராத நாட்களிலும் தமக்கையார் அவ்வேளையில் வாயிற்றிண்ணையில் வந்தமர்வார் என்று அவர் பேரப்பிள்ளை சொல்லக் கேட்டோம்.

சக்கரங்கள் வந்தபின் பழைய கிரீசையும் நைலான் துகளையும் துடைத்தெடுத்து, புதிய கிரீஸ் இட்டுக் குடத்தை மூடினர். வண்டியில் மாட்டும்போது மூத்தவர் ஒன்றை வற்புறுத்தினார். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது அச்சினைப் பின்னோக்கித் திருக முயலும். ஆதலின் அச்சின் இருபுறமுந் தட்டையாக்கி, நாக்குடைய வாஷரை இட்டு, அந்நாக்கைச் சட்டத்தின் பிளவில் அமையவைத்து நட்டினை இறுக்குகின்றனர். அவ்வாஷர் இல்லையேல் அச்சுச் சுழன்று, அதனூடே வரும் கம்பிகளை முறுக்கி அறுத்துவிடும். மற்றொன்று: கம்பி அச்சினின்று வெளிவரும் இடத்தில் சற்றே கீழே தொங்கி மேலேறவேண்டும், அப்பொழுது மழைநீர் அதன்வழி ஒழுகிக் குடத்தினுட் புகாமல் நிலத்தில் சொட்டிவிடும்.

இங்ஙனங் கூறியதனால் எந்தக் குடத்தையும் செப்பனிடலாம் என்று யாம் சாதிக்க வந்தோமல்லோம். ஆர்க்கம்பிகள் மாட்டும் விளிம்பு வெடித்திருந்தாலும், அச்சின் தட்டையான பக்கங்கள் உருண்டு போயிருந்தாலும், நீர் புகுந்து காந்தங்கள் துருவேறி உதிர்ந்திருந்தாலும், காயில் எரிந்து அதனை மீளச் சுற்றுங் கூலி புதியதன் விலையை எட்டினாலும், மாற்றுவதே அறிவுடைமை. மாற்றுங்காலும் பேட்டரியின் வோல்ட், சட்டப் பிளவின் அகலம், ரிம்மின் அளவு, கம்பி முனையின் இணைப்பு, கன்ட்ரோலரின் வகை ஆகிய எல்லாம் ஒத்திருத்தல் வேண்டும். ஆற்றல் மிக்க மோட்டாரை இட்டுக்கொள்ளலாமென்னும் ஆசை எழுதலும் இயல்பே. ஆனால் நம் நாட்டு விதிகளின்படி, மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, எடையும் வரம்பு மீறாதிருந்தாற்றான் அவ்வண்டி பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாத வகையிற் சேரும்.

விற்றவர்கள்மீது எமக்குச் சினமில்லை. உறுப்பு ஒவ்வொன்றையும் இருப்பு வைத்து, திறக்கத் தெரிந்தவரை ஊர்தோறும் அமர்த்துவதினும் சக்கரத்தை முழுதாய் அனுப்புவது அவர்க்கு எளிது. ஆயினும் அவ்வெளிமையின் விலையை வாங்கியவரே இறுக்கின்றனர். இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று. நம் இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022-ஆம் ஆண்டில் செப்பனிடும் உரிமையைப் பற்றி ஆராயக் குழுவொன்றை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையவாயில் ஒன்றும் தொடங்கப்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பொருள்களைச் செப்பனிடுதலை ஊக்கும் கட்டளை பிறப்பித்துள்ளது. சட்டம் உரிமையைத் தரலாம். அவ்வுரிமையை ஆளுதற்கு உள்ளே என்ன இருக்கின்றது என்று அறிந்தவர் ஊரில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! காந்தமும் மின்சாரமும் பற்றி நீங்கள் வகுப்பறையிற் கற்பவை அனைத்தும் அக்குடத்தினுள் இருந்தன. யாமும் ஒருகாலத்தில் நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவற்றைக் கற்றோம். எம் தந்தையார் அறிந்த சொற்களும், கல்லூரி தந்த கல்வியும், ஆலைத் தொழிலாளர் ஒருவரின் கைப்பழக்கமும் ஒரு பட்டறைப் பலகையின்மேல் ஒன்றுகூடின. உங்கள் ஊரிலும் அத்தகைய பட்டறைகள் உண்டு. விடுமுறை நாட்களில் அங்குச் சென்று சிறிது பொழுது நில்லுங்கள், கேளுங்கள், அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். நீங்கள் நூலிற் கற்றதை அவர்களுக்குச் சொன்னால் அவர்களும் மகிழ்ந்து கேட்பார்கள்.

குடம் செப்பமான மறுநாள் யாம் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது, மழுங்கிய நைலான் சக்கரங்களுள் ஒன்றைத் தமக்கையார் கையில் வைத்தோம். அவர் விரலால் அதன் விளிம்பைச் சுற்றித் தடவி, பல் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் அறிந்துகொண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றோம். பின்னர், நின்றுபோன பக்கத்தினின்று படிக்கத் தொடங்கினோம்.